பூனைகளின் முடியுருண்டைத் தொல்லை

முடியுருண்டை என்பது, பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கும் முடி செரிக்காமல் இரைப்பையில் திரண்டு உருவாகும் கட்டி ஆகும். பூனை வளர்ப்போரிடையே ஹேர்பால் என்ற பெயரே பெருவழக்கு. மருத்துவ நூல்கள் இதை டிரைக்கோபெசோர் என்று குறிப்பிடுகின்றன. பெயரில் உருண்டை இருந்தாலும், பூனை கக்கிய பின் தரையில் கிடப்பது பெரும்பாலும் உருண்டையாக இருப்பதில்லை. குறுகலான உணவுக்குழாய் வழியே நெருக்கப்பட்டு வெளிவருவதால் அது விரல் போல நீண்டு, பித்தமும் சளியும் கலந்து, பூனையின் முடி நிறத்தைவிடக் கருத்துக் காணப்படும். முதன்முறை பார்ப்பவர்கள் அதை மலம் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

எப்போதாவது ஒருமுறை முடியைக் கக்கிவிட்டு, அடுத்த நிமிடமே உணவுத் தட்டைத் தேடிப் போகும் பூனைக்கு மருத்துவம் எதுவும் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பூனை ஓங்கரிக்கும் ஒவ்வொரு முறையும் "முடிதான், வந்துவிடும்" என்று வீட்டார் விட்டுவிடுவதால், ஆஸ்துமா, குடல் அழற்சி, குடல் அடைப்பு போன்ற நோய்கள் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகின்றன. ஆகவே பூனைக்கு உதவ நினைப்பவர் செய்ய வேண்டியவை இரண்டு. உள்ளே போகும் முடியைக் குறைப்பது ஒன்று. வெளியே வருவது உண்மையிலேயே முடிதானா, அது ஏன் இத்தனை முறை வருகிறது என்று பார்ப்பது மற்றொன்று. முதலாவதற்கு ஒரு சீப்பு போதும். இரண்டாவதற்குத்தான் பொறுமையும் கவனிப்பும் வேண்டும்.

முடி வயிற்றுக்குள் போவது ஏன்?

பூனையின் நாக்கை விரலில் உணர்ந்தவர்களுக்கு அதன் சொரசொரப்பு தெரியும். நாக்கின் மேற்பரப்பில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த சிறு முட்கள் வரிசையாக இருக்கின்றன. இவை நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முட்களின் நுனி கரண்டி போலக் குழிந்திருப்பதையும், அந்தக் குழிவில் எச்சில் ஏறி நின்று முடிக்கற்றையின் அடிவரை சென்று சேர்வதையும் விளக்கினர். முடியைச் சிக்கெடுப்பது, தோலைக் கழுவுவது, வெயில் காலத்தில் எச்சில் ஆவியாகி உடலைக் குளிர்விப்பது என மூன்று வேலைகளும் அந்த ஒரே நாக்கால் நடக்கின்றன.

முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நாக்கில் ஒட்டிய முடியைப் பூனையால் துப்ப முடியாது. விழுங்குவது ஒன்றே வழி. நூல், ரிப்பன், பூ தொடுத்த நார் போன்றவை நாக்கில் பட்டால் அவற்றையும் பூனை இப்படித்தான் விழுங்கிவிடுகிறது.

விழுங்கிய முடியும் கெரட்டினே. இறைச்சியையும் மெல்லிய எலும்பையும் கரைத்துவிடும் பூனையின் வயிற்று அமிலமும் நொதிகளும் கெரட்டினை எதுவும் செய்வதில்லை. துணிகளை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு போன்ற சில உயிர்களே அதைச் செரிக்க வல்லவை. ஆனாலும் விழுங்கப்படும் முடியில் பெரும்பகுதி உணவோடு கலந்து, குடல் வழியே நகர்ந்து, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. நலமாக இருக்கும் பூனையின் மலத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் முடி இருப்பது தெரியும்.

எஞ்சிய முடி இரைப்பையிலேயே தங்கிவிடுவதற்குப் பூனையின் உடலமைப்பில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. நாய், மனிதன் உள்ளிட்ட பல பாலூட்டிகளில், வயிறு காலியாக இருக்கும் வேளைகளில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வலுவான சுருக்க அலை இரைப்பையில் தொடங்கிக் குடல் நெடுகச் செல்லும். செரிக்காமல் கிடப்பவற்றை அந்த அலை கூட்டிப் பெருக்கிக் கீழே தள்ளிவிடும். பூனையின் குடலில் இந்த அலையின் தன்மை வேறு. அத்தனை வலுவான பெருக்கல் அதில் நடப்பதில்லை. எனவே பின்னிக்கொண்ட முடி இரைப்பையில் தேங்கி, மேலும் மேலும் முடி சேர்ந்து, ஒரு நாள் வாய் வழியே வெளிவருகிறது. மாட்டுக்கும் முயலுக்கும் வயிற்றில் முடி சேர்வதுண்டு. ஆனால் அவற்றால் பூனையைப் போல வாந்தி எடுத்து அதை வெளியேற்ற முடியாது. அந்த வகையில் பூனை கக்குவதும் ஒரு வசதிதான், காலையில் பாயைத் துவைக்க நேர்பவருக்கு அப்படித் தோன்றாவிட்டாலும்.

டிரைக்கோபெசோர் என்ற பெயரின் பின்பாதிக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. நஞ்சு முறிப்பான் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது பெசோர். ஆட்டின் வயிற்றில் கிடைக்கும் இத்தகைய கட்டிகள் எந்த நஞ்சையும் முறிக்கும் என்று நம்பி, ஐரோப்பிய அரசர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கினர். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரே, மரண தண்டனை பெற்றிருந்த ஒரு சமையல்காரனுக்கு அவன் சம்மதத்தோடு நஞ்சும் பெசோர் கல்லும் கொடுத்துச் சோதித்தார். அவன் வேதனைப்பட்டு இறந்துபோனான். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரோசனையையும் சிலர் இதே இனத்தில் சேர்த்துப் பேசுவதுண்டு. அது மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். முடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எந்தப் பூனைக்கு அதிகம்?

நீண்ட முடியுள்ள பூனைகளுக்கே இத்தொல்லை கூடுதல். தமிழ்நாட்டு வீடுகளில் காலங்காலமாக வளரும் நாட்டுப் பூனைக்கு முடி குட்டை. அது கக்குவதைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெர்சியன் பூனைகளைப் பணம் கொடுத்து வாங்கி வளர்க்கும் பழக்கம் நகரங்களில் பரவிய பிறகே முடியுருண்டை பற்றிய கேள்விகளும் பெருகின. பெர்சியன் பூனைக்கு வெளிமுடி நீளம், அடிமுடி அடர்த்தி. முகம் தட்டையாக இருப்பதால் எல்லா இடத்தையும் அதனால் ஒழுங்காக நக்கவும் முடிவதில்லை. நக்கிய இடத்தில் முடி வயிற்றுக்குள் போகிறது. நக்காத இடத்தில் சடை விழுகிறது.

முடி உதிர்வது பகல் நேரத்தின் நீளத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பூனைகள் கொத்துக் கொத்தாக முடி உதிர்க்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அதோடு வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு இரவிலும் விளக்கொளி கிடைக்கிறது. அதனால் இங்கே உதிர்வு ஒரு பருவத்தில் நின்றுவிடாமல் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் "உதிர்காலத்தில் மட்டும் தினமும் சீவுக" என்ற அறிவுரை சென்னைக்கோ மதுரைக்கோ பொருந்தாது.

குட்டிகள் தம்மை நக்கிக்கொள்வதில் இன்னும் தேறியிருக்காததால் அவற்றுக்கு முடியுருண்டை அரிது. ஆறு மாதக் குட்டி அடிக்கடி வாந்தி எடுத்தால் முடியைக் காரணம் காட்டாமல் குடற்புழுவையும் பிற நோய்களையும் பார்க்க வேண்டும்.

ஓங்கரிப்பும் இருமலும்

முடியுருண்டை என்று தவறாகக் கருதப்படும் நோய்களில் முதலில் நிற்பது ஆஸ்துமா. பூனைக்கும் ஆஸ்துமா வரும். அதன் இருமலைப் பார்த்தால், தொண்டையில் முடி சிக்கியிருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது முடியாத காரியம் அல்ல.

முடியைக் கக்கப்போகும் பூனை முதலில் அமைதியிழக்கும். உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும். பிறகு முதுகை வளைத்து நிற்க, வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்துத் துடிக்கும். வயிற்றிலிருந்து வரும் கனத்த ஒலி கேட்கும். சில முறை இப்படி ஓங்கரித்த பின் முடியோ நுரையோ உணவோ ஏதேனும் ஒன்று வெளியே வரும்.

இருமும் பூனை அப்படி நிற்காது. தரையோடு குந்தி, முழங்கைகளை விரித்து, கழுத்தை முன்னே நீட்டிக்கொள்ளும். ஒலி மார்பிலிருந்து வரும். வயிற்றைவிட விலாப்புறமே அதிகம் அசையும். இருமி முடித்ததும் எதையோ விழுங்குவதுபோலச் செய்துவிட்டு எழுந்து போய்விடும். தரையில் எதுவும் இருக்காது. வாரக்கணக்கில் "முடி வர மாட்டேன் என்கிறது" என்று வீட்டார் சொல்லும் பூனைகளில் பலவற்றுக்கு வரவேண்டிய முடியே இருப்பதில்லை, மூச்சுக்குழாய்தான் சுருங்கியிருக்கும். மூடிய அறையில் கொசுவர்த்திப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட்டுப் புகை ஆகியவை இந்நிலையை மோசமாக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையையோ ஈறு நீலம் பாய்ந்த பூனையையோ அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பூனை இருமாது, கக்காது. மூலையைத் தேடி ஒடுங்கும். ஆகவே வீட்டில் நடப்பதைக் கைப்பேசியில் அரை நிமிடம் படமெடுத்துக் காட்டுவது, வாயால் பத்து நிமிடம் விவரிப்பதைவிடப் பயன்படும்.

அடிக்கடி கக்கினால்

எத்தனை முறை கக்குவது இயல்பு என்பதில் மருத்துவர்களிடையே முழு ஒற்றுமை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் கவலையில்லை என்ற பழைய கருத்து இன்னும் பல இடங்களில் அச்சாகிறது. பூனை மருத்துவர் மார்த்தா கேனன் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரை, இது வெறும் தொல்லைதானா அல்லது ஏதோ கோளாறு இருப்பதற்கான அடையாளமா என்று கேட்டது. அடிக்கடி கக்கும் பூனையில் இரண்டில் ஒன்று நடக்கிறது: அது அளவுக்கு மீறி நக்கிக்கொள்கிறது, அல்லது அதன் குடல் முடியை நகர்த்தத் தவறுகிறது.

குடல் கோளாறு எவ்வளவு எளிதாக மறைந்துவிடும் என்பதற்கு அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு சான்று. நாள்பட்ட வாந்தி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு போன்ற தொல்லைகளோடு வந்து, ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்திருப்பதாகத் தெரிந்த 100 பூனைகளின் குடல் திசு ஆராயப்பட்டது. 99 பூனைகளுக்கு நாள்பட்ட சிறுகுடல் நோய் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது குடல் அழற்சி அல்லது லிம்போமா எனும் புற்றுநோய். கக்கும் பூனைகளுக்கெல்லாம் புற்றுநோய் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஏற்கெனவே குடல் தடித்திருந்த பூனைகளே அதில் சேர்க்கப்பட்டன. ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்துக்கொண்டே மெலிந்து வரும் வயதான பூனைக்கு, "அது எப்போதும் அப்படித்தான்" என்ற பதில் போதாது என்பது அதிலிருந்து தெளிவு. குடல் அழற்சியையும் மெதுவாக வளரும் வகை லிம்போமாவையும் மருந்தால் கட்டுப்படுத்திப் பூனையை நெடுநாள் நலமாக வைத்திருக்க இயலும். தாமதம்தான் கெடுதல்.

அளவுக்கு மீறி நக்குவதற்கு முதற்காரணம் அரிப்பு. அரிப்புக்கு முதற்காரணம் தெள்ளுப்பூச்சி. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் தெள்ளுக்கு ஓய்வு காலமே கிடையாது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும். நாள் முழுவதும் முதுகின் அடிப்பகுதியையும் வயிற்றையும் நக்கித் தள்ளும். நக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடுவதால் உடலில் தெள்ளைக் காண்பது அரிது. வீட்டில் உள்ள பேன் சீப்பே இதைக் கண்டுபிடிக்கப் போதும். வாலின் அடியில் சீவி, சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்ட வேண்டும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால், விழுங்கிய தெள்ளு வழியாக நாடாப்புழுவும் வந்துவிட்டது என்று பொருள்.

தெள்ளு மருந்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நாய்களுக்கென விற்கப்படும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. வலிப்பு வந்து இறந்துபோகும். நாய்க்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று பூனைக்குத் தடவக்கூடாது.

அரிப்பு இல்லாமல் மன உளைச்சலாலும் பூனை நக்கும். புதுப் பூனை, புது வீடு, குழந்தைப் பேறு, பக்கத்து வீட்டு ஆண் பூனையின் வருகை எனக் காரணங்கள் பல. ஆனால் இந்த முடிவுக்கு விரைந்து வந்துவிடக்கூடாது. மனக்காரணத்தால் முடியை நக்கி இழந்தவை என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், 16 பூனைகளுக்குத் தோல் ஒவ்வாமை போன்ற உடற்காரணமே இருந்தது. மனக்காரணம் மட்டுமே கொண்டவை இரண்டே பூனைகள். உடலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கும் பூனைக்கு அங்கே வலியும் இருக்கலாம். மூட்டு வலியுள்ள பூனை மூட்டின் மேலும், சிறுநீர்ப்பை வலியுள்ள பூனை அடிவயிற்றிலும் நக்கும்.

சீவுதல்

நலமான பூனைக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே முதன்மையானது; செலவும் குறைவு. சீப்பில் வந்த முடி வயிற்றுக்குப் போகாது. அந்த அளவுக்குக் கணக்கு எளிது. மற்ற எல்லா வழிகளும் உள்ளே போன முடியை என்ன செய்வது என்பது பற்றியவை.

பெர்சியன் பூனையைத் தினமும் சீவ வேண்டும். பல் அகன்ற உலோகச் சீப்பு அதற்கு ஏற்றது. மேலே மட்டும் வாரும் பிரஷ்கள் அடிமுடியைத் தொடுவதில்லை. நாட்டுப் பூனைக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, ரப்பர் கையுறை அல்லது மென்மையான பிரஷ் போதும். அதுகூட இல்லையென்றால் ஈரக்கையால் கழுத்திலிருந்து வால் வரை பலமுறை தடவினாலே உதிர்முடி கையோடு வந்துவிடும்.

சீவலுக்குப் பூனையைப் பழக்குவதில்தான் பெரும்பாலோர் தோற்கின்றனர். வாங்கி வந்த வாரமே பூனையை மடியில் அழுத்திப் பிடித்து அரைமணி நேரம் சீவினால், சீப்பைக் கண்டதும் அது கட்டிலுக்கடியில் போய்விடும். முதல் சில நாள்கள் சீப்பை அருகில் வைத்து முகரவிட்டு, கன்னத்திலும் கழுத்திலும் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்து, உடனே ஒரு துண்டு மீனோ கோழியோ கொடுத்து நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டு முடித்துச் சோம்பலாகப் படுத்திருக்கும் வேளை நல்லது. பிறகு முதுகு, விலா என்று போய், வயிறு, அக்குள், பின்தொடை, வால் ஆகியவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். வாலை ஆட்டத் தொடங்கினாலோ காதை மடக்கினாலோ அன்றைய சீவல் முடிந்தது. மூன்று நிமிடம் தினமும் சீவுவது ஞாயிற்றுக்கிழமை அரைமணிப் போராட்டத்தைவிட மேல்.

காதுக்குப் பின்னும் அக்குளிலும் பின்கால் இடுக்கிலும் சடை விழும். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மிகவும் ஆபத்து. பூனையின் தோல் மெல்லியது. சடையோடு கூடாரம் போல இழுபட்டு நிற்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டுத் தையல் போட வருபவர்கள் உண்டு. சிறு சடையில் சிறிது சோள மாவு தூவி, அடியை விரல்களால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெல்லப் பிரிக்கலாம். தண்ணீர் பட்டால் சடை இறுகும். எனவே குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கெடுத்தாக வேண்டும். பிரியாத சடையை மருத்துவரோ பழகிய கைகளோ மின்கத்தரியால் எடுப்பதே சரி. கோடையில் உடல் முழுவதும் மழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் பரவியுள்ளது. சடை மிகுந்த பூனைக்கு அது விடுதலைதான். சீவுவதற்குச் சோம்பி அதைச் செய்வதில் நியாயமில்லை: மழித்த தோலில் வெயில் சுடும், பல பூனைகள் மிரண்டும் போகும்.

சீவிய முடியை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும். ஒரே வீட்டில் பல பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் என்பதால், குட்டை முடிப் பூனை பெர்சியனின் முடியைக் கக்குவது வியப்பன்று. அங்கே சீவ வேண்டியது கக்குகிற பூனையை அல்ல.

உணவும் நார்ச்சத்தும்

கடைகளில் முடியுருண்டைக்கென விற்கப்படும் உலர் உணவுகளில் நார்ச்சத்து கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும். நார் முடியைப் பிரித்து உணவோடு கலந்து குடலுக்குள் அனுப்பும் என்பது கருத்து. இதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நார் மிகுந்த உணவு உண்ட நீள்முடிப் பூனைகளின் மலத்தில் வெளியேறும் முடி கூடியது. குட்டை முடிப் பூனைகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. பிரேசிலில் 2014-இல் வெளிவந்த ஆய்வில், கரும்பு நார் சேர்த்த உணவு மலத்தில் காணப்படும் முடித்திரள்களைக் குறைத்தது. பீட் சக்கை சேர்த்த உணவு குறைக்கவில்லை. ஆகவே எல்லா நாரும் ஒன்றல்ல, எல்லாப் பூனைக்கும் அது தேவையுமில்லை.

வீட்டுச் சமையலில் வளரும் பூனைக்கு உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காயை ஒரு சிறு கரண்டி அளவு மீன் சோற்றில் கலக்கலாம். கெடுதல் இல்லை, பெரிய பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம். இசப்கோல் உமியைத் தருவதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில், ஈரமான உணவில் நன்கு ஊறவைத்துத் தர வேண்டும். உலர்ந்தபடி கொடுத்தால் அதுவே தொண்டையில் ஊதி அடைக்கும். பூனை இறைச்சியுண்ணி. நாரை ஏற்றிக்கொண்டே போனால் அது இறைச்சிப் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழம்பில் ஊறிய மீன், கறித்துண்டுகளைக் கொடுக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை.

பூனை இயல்பிலேயே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் விலங்கு. உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு அளவே நீர் உள்ளது. ஈர உணவில் முக்கால் பங்கு நீர். உடலில் நீர் குறைந்தால் குடலின் அசைவும் மந்தமாகும் என்பதால், உலர் உணவை மட்டும் நம்பாமல் ஈர உணவும் கொடுப்பது நல்லது. பாலை இதற்கு மாற்றாக எண்ணக் கூடாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஏற்படும்.

பசைகள், எண்ணெய்கள், புல்

மருந்துக் கடைகளில் கிடைக்கும் மால்ட் பசைகளும் பெட்ரோலிய மெழுகு கலந்த பசைகளும் முடியை வழுக்கச் செய்து கீழே தள்ளுவதற்கானவை. பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இவற்றின் பலனை உறுதியாக நிறுவும் ஆய்வுகள் குறைவு. உணவோடு சேர்த்தோ நாள்தோறும் நெடுங்காலமோ கொடுத்தால், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேர்வதை மெழுகு தடுக்கக்கூடும். உணவு வேளைக்கு இடையே, பூனை தானாக நக்கும்படி பாதத்தில் தடவிவிடுவதே முறை.

வீட்டில் செய்யப்படும் மற்றொரு வைத்தியம் விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இவற்றில் ஒன்றை வாயில் ஊற்றுவது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் உணவுக் கொழுப்புகள். சிறுகுடலில் செரித்து உறிஞ்சப்படுவதால் முடி இருக்கும் இடம்வரை வழுக்கலாகச் சென்று நிற்பதில்லை. விளக்கெண்ணெய் கடும் பேதி. இவற்றைவிடக் கெடுதலானது ஊற்றும் செயல். திமிறும் பூனையின் வாயில் எண்ணெயையோ திரவ பாரஃபினையோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். அதிலிருந்து மீள்வது கடினம். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் அதேபோல உயிருக்கு ஆபத்தானது.

பூனை புல் தின்பது முடியைக் கக்குவதற்காகத்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,000-க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் நடத்திய கணக்கெடுப்பு இதற்கு ஒத்துவரவில்லை. புல் தின்ற பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அதன்பின் அடிக்கடி வாந்தி எடுத்தன. புல் தின்னும் முன் அவற்றில் மிகப் பெரும்பாலானவை நலமாகவே இருந்தன. குடற்புழுக்களை வெளியேற்ற மூதாதைப் பூனைகளிடம் இருந்த பழக்கத்தின் எச்சமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். தொட்டியில் அருகம்புல் வளர்த்து வைப்பதில் தவறில்லை. பூச்சி மருந்து மட்டும் தெளிக்கக்கூடாது. அதே பால்கனியில் லில்லி இனச் செடிகள் இருக்கக்கூடாது. அவற்றின் இலை, மகரந்தம், குவளையில் உள்ள நீர் எதுவாயினும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். செங்காந்தளும் நஞ்சே.

அடைப்பு ஏற்பட்டால்

முடித்திரள் இரைப்பையை விட்டுச் சிறுகுடலில் இறங்கி அடைத்துக்கொள்வது அரிது. நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும், தண்ணீரும் தங்காது. சாப்பிடாது. மலம் கழிக்காது. வயிற்றைத் தொட்டால் சீறும், அல்லது எதற்கும் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு நாள் முழுவதும் உண்ணாத பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனை சில நாள்கள் பட்டினி கிடந்தாலே உடலின் கொழுப்பு கல்லீரலில் குவிந்து, அதுவே தனி நோயாகிவிடும். பருத்த பூனைகளுக்கு இந்த அபாயம் மிகுதி. ஆகவே "வயிறு காலியானால் சரியாகிவிடும்" என்று பட்டினி போடுவது பூனையின் விஷயத்தில் தவறு. மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

முடி என்று நினைத்தது நூலாக இருக்கும் நேரங்களும் உண்டு. மல்லிகைச் சரத்தின் நூல், தையல் நூல், காற்றாடி மாஞ்சா ஆகியவை தமிழ்நாட்டு வீடுகளில் பூனைக்கு எளிதில் கிடைப்பவை. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இழுபடும்போது, குடல் சுருக்குப் பையைப் போல மடிந்து, நூல் கத்தியாய் அதை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக்கூடாது, வெட்டவும் கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

முடி எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியாது. அடைப்புக்கு மேலே குடல் வாயுவால் வீங்கியிருப்பதைக் கொண்டே பல நேரம் கணிக்கிறார்கள். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கூடுதல் விவரம் தரும். அடைப்பு முழுமையாக இல்லாவிட்டால் ஊசி வழியே நீர்ச்சத்து ஏற்றிச் சிறிது காத்திருந்து பார்ப்பர். முழு அடைப்பு என்றால் அறுவை சிகிச்சைதான். 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் ஸ்கேன், அறுவை வசதிகள் ஒரே வளாகத்தில் கிடைக்கும். குடலிலிருந்து முடித்திரளை எடுத்த பின்னரும் மருத்துவர் அந்த இடத்தின் சிறு துணுக்கைத் திசுச் சோதனைக்கு அனுப்பக் கேட்கலாம். செலவைக் கருதி வீட்டார் தயங்குவது இயல்பு. முடி ஏன் அங்கே நின்றது என்ற கேள்விக்குப் பதில் அந்தத் துணுக்கில் இருக்கக்கூடும் என்பதால்தான் அதைக் கேட்கிறார்கள்.